வரப்புக்குள் ஒரு நெல் இருப்பு

பனியன் குடோனில் பல நாள் அசையாமல் கிடந்த கட்டிங் வேஸ்ட் மூட்டையைப் புரட்டினால் அடியில் எலிக்கூடு இருக்கும். திருப்பூரில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. துணியை நார்நாராகக் கிழித்து உருண்டையாகச் சுற்றி, நடுவில் குழி விட்டிருக்கும். ரோமம் முளைக்காத குட்டிகள் அதில் நெளியும். எலி துணியைச் சேர்த்து வைக்கிறது என்று நாம் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது குட்டிகளுக்கான படுக்கைதான். வீட்டெலி கொஞ்சம் தீனியை இழுத்துப்போய் ஒளிப்பதுண்டு. மூட்டைக்கணக்கில் இருப்பு வைப்பதில்லை.

இருப்பு வைக்கும் எலியைப் பார்க்க வேண்டுமென்றால் தாராபுரம் பக்கம், அமராவதி பாசன வயல்களுக்குப் போக வேண்டும். அங்கே வரப்பைக் குடைவது கரம்பை எலி. கருஞ்சாம்பல் நிறம், தடித்த உடம்பு, உடம்பைவிடச் சற்றுக் குட்டையான வால். இலங்கையிலிருந்து மியான்மர் வரை பரவியிருக்கும் இனம் இது. பல்லடம், காங்கேயம் புஞ்சைக் காடுகளில் திரியும் வெள்ளெலி வேறு. அதற்குப் பெரிய கண்ணும் வால்நுனியில் மயிர்க்குஞ்சமும் உண்டு. அதன் வளைவாய் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். கரம்பை எலியோ உள்ளே போனதும் மண்ணைத் தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். காலையில் வரப்போரம் ஈர மண் குவியல் புதிதாகத் தெரிந்தால், ஆள் உள்ளே இருக்கிறது என்று பொருள்.

அந்தக் குவியலை விலக்கித் தோண்டினால் கிளைகிளையாகப் பிரியும் சுரங்கம். ஓர் அறையில் வைக்கோல் மெத்தை, மற்ற அறைகளில் நெற்கதிர். கதிர் முற்றும் பருவத்தில் தாளைச் சாய்வாகக் கடித்துச் சாய்த்து, கதிரை மட்டும் துண்டித்து உள்ளே இழுத்துப்போகும். தின்றது போக, கிலோக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கும். அறுவடை முடிந்தால் வயல் வெறுமையாகிவிடும். அந்த இடைவெளியைக் கடக்கத்தான் இவ்வளவு உழைப்பும். ஈன்ற தாய்க்கு வெளியே அலையாமல் பாலூட்டவும் இந்த இருப்பு உதவுகிறது. செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்து இருளர்கள் அறுவடைக்குப் பின் வளைகளைத் தோண்டி எலியையும் பிடிப்பார்கள், நெல்லையும் மீட்பார்கள். எந்த வளையில் சரக்கு இருக்கும் என்பதை மண்ணைப் பார்த்தே சொல்லும் அவர்களுடைய அறிவை நாம் போதுமான அளவு மதித்ததில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கண்டதையெல்லாம் சேர்க்கும் எலி அமெரிக்காவில் இருக்கிறது. பேக் ரேட் என்பார்கள். நியோடோமா என்ற பேரினத்தில் 20க்கும் மேற்பட்ட இனங்கள், கனடாவிலிருந்து நிகரகுவா வரை. பாறை இடுக்கிலும் கள்ளிப் புதரடியிலும் குச்சி, முள், எலும்பு, சாணம், பளபளக்கும் உலோகத் துண்டு என்று மேடு கட்டும். ஒன்றைச் சுமந்து போகும்போது இன்னொன்று பிடித்துவிட்டால், முதலில் எடுத்ததை அங்கேயே போட்டுவிட்டுப் புதியதைத் தூக்கிக்கொள்ளும். அந்த மேட்டின் மேல் தலைமுறை தலைமுறையாகப் பெய்த சிறுநீர் வறண்ட காற்றில் படிகமாக இறுகி, உள்ளிருக்கும் இலையையும் விதையையும் கெடாமல் காக்கிறது. 40,000 ஆண்டு தாண்டிய மேடுகள்கூட உண்டு. நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கு இன்று மரமற்ற பொட்டல். ஜூலியோ பெட்டன்கோர்ட்டும் தாமஸ் வான் டெவெண்டரும் அங்கிருந்த எலி மேடுகளைப் பிரித்து, முன்பு பைன், ஜூனிபர் மரங்கள் நின்றதை 1981இல் காட்டினார்கள்.

நம் கரம்பை எலியின் இருப்புக்கு அந்த ஆயுள் இல்லை; ஈர மண்ணில் நெல் முளைத்துவிடும், இல்லையென்றால் பூசணம் பிடிக்கும். அதன் சேமிப்பு ஒரு பருவத்துக்கானது. அதனால் கதிர் முற்றி, அது சேர்க்கத் தொடங்கிய பிறகு எலியைத் துரத்துவது பயனில்லாத வேலை. சினை சுமப்பது சுமார் 23 நாள்தான் என்பதால், பொறுத்தால் பெருகிவிடும். வரப்பை அகலம் குறைத்துக் கட்டினால் அறை தோண்ட இடமிருக்காது. தஞ்சாவூர் கிட்டி என்னும் எலிப்பொறியை நடவு முடிந்த கையோடு வைக்க வேண்டும். இரவில் கூகை உட்கார வயலில் பறவைத்தாங்கி நட்டு வைக்கலாம். வளையைத் தோண்டுகிறவர்கள் கையுறை போட்டுக்கொள்வது அவசியம். எலியின் சிறுநீர் பட்ட ஈர மண் வழியாகவும் நீர் வழியாகவும் எலிக்காய்ச்சல் பரவும்.