பணிவு என்னும் சீன எழுத்து

நம்முடைய எழுத்துக்கள் ஒலியைக் குறிப்பன. சீனரின் எழுத்துக்களோ பெரும்பாலும் ஒலியோடு பொருளையும் சுமப்பன. அவற்றுள் பணிவைக் குறிக்கும் ‘சியென்’ என்னும் எழுத்து, மாணவர்கள் ஆராய்ந்து இன்புறத் தக்கது.

அதன் பழைய வடிவத்தை 17 கோடுகளால் எழுதுவர். இடப்பாதி ‘பேச்சு’ என்று பொருள்படும். வலப்பாதி, ஒரு கை இரண்டு தானியக் கதிர்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் சித்திரத்திலிருந்து வளர்ந்தது. கி.பி. 100ஆம் ஆண்டளவில் சூ ஷென் என்னும் அறிஞர் தொகுத்த அகராதி, ஒரு கதிரைப் பிடித்த கைக்கு ஓர் எழுத்தும் இரு கதிர்களைப் பிடித்த கைக்கு வேறோர் எழுத்தும் உண்டு என்று காட்டுகிறது. ‘சியென்’ என்பதற்கு ‘மரியாதை’ என்றே அது பொருள் கூறுகிறது. வலப்பாதி ஒலியைக் காட்டவே சேர்ந்தது என்பது சூ ஷென் தரும் விளக்கம். ஆயினும், இரு கதிர்களையும் ஒருங்கே ஏந்தும் கையோடு பேச்சும் சேர்ந்தால் பணிவு பிறக்கும் என்று எண்ணிப் பார்ப்பதில் ஓர் இனிமை உண்டன்றோ? தன் கருத்தோடு பிறர் கருத்துக்கும் இடந்தரும் பேச்சே பணிவான பேச்சு.

சீனரின் தொன்மையான ‘யீ சிங்’ என்னும் நூலில் 64 குறிகள் உள்ளன. அவற்றுள் 15ஆவது குறியின் பெயரும் ‘சியென்’ என்பதே. அதில் மேலே நிலம், கீழே மலை. உயர்ந்து நிற்க வேண்டிய மலை நிலத்தின் கீழ் அடங்கியிருக்கிறது! அக்குறியின் ஆறு கோடுகளில் ஒன்றுக்கேனும் தீய பலன் கூறப்படவில்லை.

நம் திருக்குறளில் 13ஆம் அதிகாரம் அடக்கமுடைமை. அங்கும் மலை வருகிறது; நாவைக் காக்கும் அறிவுரையும் வருகிறது. சீனர் மலையை நிலத்துள் அடக்கிக் காட்டினர். வள்ளுவரோ அடங்கியவனின் தோற்றத்தை மலையினும் பெரிதாக்கிக் காட்டினார். வழி இரண்டாயினும் முடிவு ஒன்றே.

இனி, நம் நாட்டுச் சான்று ஒன்றை நோக்குவோம். கி.பி. 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட மும்மொழிக் கல்வெட்டொன்றைச் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ இலங்கைக்குக் கொணர்ந்தார். அதன் சீனப் பகுதி புத்தபிரானையும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாமியரின் இறைவனையும் போற்றிக் காணிக்கைகளைக் கூறுகின்றது. பேரரசன் ஒருவன் பிறர் தெய்வங்களை அவரவர்க்குரிய மொழியில் வணங்கியது பணிவின் செயலேயாகும். ஆனால் ஓரிரு ஆண்டுகளுக்குள் அதே செங் ஹோவின் படை இங்கே போர் புரிந்து, ஆட்சியாளன் அழகேசுவரனைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டு சென்றது. கல்லில் பொறித்த பணிவு கையில் நில்லாதொழிந்தது. அக்கல்லும் பிற்காலத்தில் காலி நகரில் நீர்வாய்க்காலுக்கு மூடியாய்க் கிடந்து, 1911இல் கண்டெடுக்கப்பட்டது. இன்று அது கொழும்புத் தேசிய நூதனசாலையில் உள்ளது.

எனவே, பணிவை எழுதுவது எளிது, ஏந்துவது அரிது. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் திருகோணமலையில் வளரும் மாணவர்க்கு இப்பாடம் இன்றியமையாதது. அயலவரின் மொழியில் நான்கு சொற்களையேனும் கற்று, அவர்பால் அன்போடு பேசுவது இரண்டாவது கதிரைக் கையில் எடுப்பதாகும். நம் துறைமுகத்தின் பெருமையும் கண்ணுக்குத் தெரியும் உயரத்தினால் வந்ததன்று. பெருங் கப்பல்களும் நம்பி ஒதுங்கும் ஆழத்தினால் வந்ததே.