ஐந்து டொலர் வடிவமும் எட்டடிப் பெயர்ப்பலகையும்

கிளிநொச்சியில் கடை திறக்கப் போகிறவர் இப்போது பெயர்ப்பலகை செய்பவரிடம் வெறுங்கையோடு வருவதில்லை. கைத்தொலைபேசியில் படம் தயாராக இருக்கும். மகள் கன்வா என்ற வடிவமைப்புச் செயலியில் செய்தது, அல்லது கனடாவில் இருக்கும் தம்பி யாருக்கோ காசு கொடுத்துச் செய்வித்து வட்ஸ்அப்பில் அனுப்பியது. "டிசைன் இருக்குத் தம்பி, பிறின்ற் அடிச்சுத் தந்தால் காணும்" என்பார். அச்சுக் கூலிக்கு மேல் ஒரு சதமும் தர மனம் வராது.

கன்வா 2013இல் அவுஸ்திரேலியாவில் அறிமுகமானது. அடிப்படைச் சேவை இலவசம். இணையத்தில் வேலை செய்விக்கும் தளமான ஃபைவர் 2010இல் இஸ்ரேலில், ஒரு வேலைக்கு 5 டொலர் என்ற கணக்கோடு தொடங்கியது. 2022 பொருளாதார நெருக்கடிக்கு முன் அந்த 5 டொலர் ஏறக்குறைய 1,000 ரூபா. பின்னர் 1,500 ரூபா அளவுக்கு ஏறிவிட்டது. ரூபா விழுந்தது உள்ளூர்க் கடைக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பிளெக்ஸ் சுருள், மை, வினைல், இயந்திர உதிரிப்பாகம் எல்லாமே இறக்குமதி. டொலர் ஏறினால் அச்சுக்காரருடைய செலவுதான் ஏறும். இலவசமாகக் கிடைப்பதற்கு விலை ஏறாது.

ஆகவே விலையைக் குறைத்து இந்தப் போட்டியில் வெல்ல வழியில்லை. வெல்ல வேண்டிய இடமும் அதுவல்ல.

சமூக ஊடகத்துக்கென்று செய்த சதுரப் படம் 1080 புள்ளி அகலம். அதை எட்டடிக்கு இழுத்தால் ஓர் அங்குலத்துக்குப் பதினொரு புள்ளிதான் மிஞ்சும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் இன்னும் குறையும். திரையில் பளிச்சிட்ட பச்சை அச்சில் மங்கிவிடும். இவற்றைவிட முக்கியமானது தூரம். ஏ-9 வீதியில் மணிக்கு 60 கிலோமீற்றரில் போகிறவர் மூன்று விநாடிக்குள் 50 மீற்றரைக் கடந்துவிடுவார். பத்தடி தூரத்துக்கு ஓரங்குல உயரம் என்பது இத்தொழிலில் பொதுவான கணக்கு. அதன்படி 50 மீற்றரில் தெரிய எழுத்து 16 அங்குலமாவது இருக்க வேண்டும். கையில் வைத்துப் பார்க்கும்போது அழகாயிருந்த மெல்லிய எழுத்து, மாங்குளச் சந்தியில் எவர் கண்ணிலும் படாது.

தமிழ் எழுத்தின் பாடு தனி. தமிழ் தெரியாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பாமினி எழுத்துருவில் தட்டிய பெயரை யுனிகோட்டுக்கு மாற்றாமல் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். பேருந்து இருக்கையொன்றில் கர்ப்பிணித் தாய்மார் என்பதில் 'தா', 'நா'வாகி நாடே சிரித்தது நினைவிருக்கும். வவுனியாவில் மும்மொழிப் பலகை கேட்கிற வாடிக்கையாளருக்குக் கடைசிப் பிழைதிருத்துநர் அந்த அச்சுக்காரர்தான்.

கண்ணீர் அஞ்சலிப் பனர்களை எடுங்கள். இரவு பத்து மணிக்குச் செய்தி வரும். விடிய முதல் வாசலில் கட்ட வேண்டும். ஊர்ப் பெயர், முதலெழுத்து, பிள்ளைகளின் ஒழுங்கு ஒன்றும் பிசகக்கூடாது. பிசகினால் அந்தியேட்டி வரை பேச்சுக் கேட்க வேண்டும். அந்த வீட்டைத் தெரிந்தவர் செய்கிற வேலை இது. எந்த நாட்டு 5 டொலருக்கும் கிடைக்காது.

முல்லைத்தீவுக் கடற்கரையில் உப்புக்காற்று இரும்புச் சட்டத்தைத் தின்னும். சோளகம் பிளெக்ஸைக் கிழிக்கும். பிரதேச சபை அனுமதியும், பெருவீதியென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் சம்மதமும் வேண்டும். இவையெல்லாம் படத்துக்குள் அடங்காத வேலை.

பழி முழுவதும் இணையத்துக்கு உரியதல்ல. சதுர அடி விலைக்குள் வடிவமைப்பையும் பிழைதிருத்தத்தையும் பூட்டுகிற கூலியையும் புதைத்து, "டிசைன் சும்மா" என்று வருடக்கணக்காகச் சொன்னவை எங்கள் கடைகளே. சும்மா கொடுத்ததை வேறொருவரும் சும்மா கொடுத்தால் கோபிக்க முடியாது. பற்றுச்சீட்டைப் பிரித்து எழுதட்டும்: கோப்பைச் சரிபார்த்துத் திருத்த இவ்வளவு, அச்சுக்கு இவ்வளவு, சட்டத்துக்கும் பூட்டவும் இவ்வளவு, அடுத்த வருடம் பிளெக்ஸ் மாற்ற இவ்வளவு. வாடிக்கையாளர் கொண்டுவரும் படத்தைப் பார்த்து முகம் சுளிப்பதும் வேண்டாம். கன்வாவைக் கடைக்காரரே திறந்து, எதிரே இருப்பவருக்குத் திருத்திக் காட்டலாம்.

பலகை செய்விக்கப் போகிறவர்களுக்கு: படத்தோடு கடை முகப்பின் நீள அகலத்தையும் அளந்து கொண்டுபோங்கள். கோப்பை வட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்புங்கள். அச்சுக்குப் போகுமுன் மாதிரித் தாள் கேட்டு, ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக் கையெழுத்து வையுங்கள்.