சுண்டெலிக்கு எந்த ஊர்?

சுண்டெலி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ரெண்டே விஷயம். ஒன்று பிள்ளையார், இன்னொன்று எலிப்பொறி! ஆனால் உலகத்து ஆராய்ச்சிக் கூடங்களில் புது மருந்தைப் பெரும்பாலும் முதலில் கொடுத்துப் பார்ப்பது சுண்டெலிக்குத்தான். அந்த எலிக்கு எந்த ஊர்? நாம் விழுங்கும் மாத்திரைக்கும் இந்தக் கேள்விக்கும் சம்பந்தம் உண்டு நண்பர்களே!

வீட்டுச் சுண்டெலியின் அறிவியல் பெயர் மஸ் மஸ்குலஸ். இதில் முக்கியமான துணை இனங்கள் மூன்று. மேற்கு ஐரோப்பாவில் டொமஸ்டிகஸ். கப்பலேறி அமெரிக்கா, ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்ததும் பெரும்பாலும் இதுதான். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வட ஆசியா வரை மஸ்குலஸ். தெற்காசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் கஸ்டேனியஸ். நம்ம அரிசி மூட்டையை ஓட்டை போடுபவர் இவர்தான்!

மூன்றும் பிரிந்தது சுமார் மூன்றரை லட்சம் முதல் ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன். ஈரானுக்கும் வட இந்தியாவுக்கும் இடைப்பட்ட பகுதியே பூர்வீகம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. இந்தியத் துணைக்கண்டத்து எலிகளிடம் மரபணு வேறுபாடு மிக அதிகம் என்பது இதற்கு ஒரு சான்று. தோப்பில் பத்து வகை மாம்பழம் இருக்கும். வெளியூர் போகிறவர் பையில் ரெண்டு வகைதான் போகும். அதே கதைதான்.

பிரிந்தவை திரும்பச் சந்தித்தால்? டென்மார்க்கிலிருந்து பல்கேரியா வரை ஒரு குறுகிய எல்லைப் பட்டையில் டொமஸ்டிகசும் மஸ்குலசும் கலக்கின்றன. பிறக்கும் ஆண் குட்டிகள் பல மலடாகிவிடுகின்றன. இதற்குக் காரணமான ஒரு மரபணுவை 2009-ல் கண்டுபிடித்தார்கள். பெயர் பி.ஆர்.டி.எம்.9. ஒரே இனம் ரெண்டாகப் பிரிவதை நம் கண்முன்னே பார்க்கிறோம்!

இப்போது ஆராய்ச்சிக் கூடத்துக்கு வருவோம். அமெரிக்காவில் அபி லாத்ராப் என்ற அம்மையார் விற்ற வளர்ப்பு எலிகளிலிருந்து, 1921-ல் கிளாரன்ஸ் லிட்டில் உருவாக்கிய வம்சம்தான் புகழ்பெற்ற சி57 கருப்பு எலி. 2002-ல் மரபணுத் தொகுதியின் வரைவை வாசித்து வெளியிடப்பட்டதும் இதற்குத்தான். இத்தகைய வம்சங்களில் அண்ணனுக்கும் தங்கைக்குமே இனச்சேர்க்கை செய்து, இருபது தலைமுறைக்கு மேல் வளர்க்கிறார்கள். முடிவில் எல்லாம் ஜெராக்ஸ் காப்பி மாதிரி! 2011-ல் வந்த ஆய்வுப்படி, பழைய ஆய்வக வம்சங்களின் மரபணுக்களில் சுமார் 94 சதவீதம் டொமஸ்டிகஸ். கஸ்டேனியஸ் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை.

ஒரே லாட்டில் வாங்கிய கம்பியை மட்டும் யு.டி.எம். மெஷினில் இழுத்துப் பார்த்துட்டு, 'நாட்டில் உள்ள எல்லாக் கம்பியும் இவ்வளவு தாங்கும்'னு ரெக்கார்டில் எழுதினா, லேப் சார் கையெழுத்துப் போடுவாரா? ஒரே மருந்து ஒருவருக்குக் கேட்கும், இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாது. எலியிலும் அப்படித்தான்.

இந்தக் குறையைத் தீர்க்க, எட்டு வம்சங்களைக் கலந்து புது எலிகளை உருவாக்கினார்கள். அதில் மூன்று, காட்டு எலிகளிலிருந்து வந்தவை. துணை இனத்துக்கு ஒன்று. கஸ்டேனியஸ் சார்பில் போனது தாய்லாந்து எலி.

பொறியில் மாட்டினால் அடிப்பதோ விடுவதோ உங்க இஷ்டம். ஆனால் ஆய்வகத்து வெள்ளை எலியிடம் இல்லாத மரபணுச் செல்வம் நம்ம பரண் எலியிடம் இருக்கு என்பதை மட்டும் மறந்துடாதீங்க!