உள்நாட்டு யுத்தமும் நாணயமும்

சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்ய நாம் ஊர் ஊராகச் செல்லும்பொழுது, நெசவாள அங்கத்தினர்கள் கேட்காமல் விடாத கேள்வி ஒன்று உண்டு. "எங்கோ நடக்கும் சண்டைக்கும் எங்கள் நூல் விலைக்கும் என்ன சம்பந்தம்?" என்பதே அது. சம்பந்தம் உண்டு. 1861 முதல் 1865 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்த உள்நாட்டு யுத்தம் அதற்குத் தக்க சான்றாகும். பருத்தி விளைவிப்போரும் நூல் வாங்குவோரும் அவசியம் அறிய வேண்டிய வரலாறு அது.

அந்நாட்டின் தென் மாநிலங்களுக்குப் பருத்தியே பெருஞ்செல்வமாக இருந்தது. அதை விளைவித்தவர்கள் பெரும்பாலும் அடிமைகள். 1860-இல் அவர்களுடைய தொகை ஏறத்தாழ 40 லட்சம். அடிமை முறை புதிய பிரதேசங்களுக்கும் பரவலாமா என்ற தகராறு முற்றியது. லிங்கன் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபின் 11 மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து தனி அரசு அமைத்துக்கொண்டன. நான்கு ஆண்டுப் போரில் 6 லட்சம் பேருக்கு மேல் மாண்டனர்.

அரசாங்கம்

யுத்தம் வந்தால் அரசாங்கத்தின் கை நீளும். ஆட்கொணர்வு உரிமையை லிங்கன் நிறுத்தி வைத்தார். விசாரணையின்றிப் பலர் சிறைப்பட்டனர். இரு தரப்பிலும் கட்டாய ராணுவ சேவை வந்தது. வடக்கே 300 டாலர் கட்டியவன் தப்பித்துக்கொள்ளலாம். தெற்கே 20 அடிமைகளுக்குக் குறையாத தோட்டத்துக்கு ஓர் ஆள் விலக்கு உண்டு. "பணக்காரன் மூட்டிய சண்டையில் ஏழை சாவதா?" என்ற மனக்கசப்பு இரு பக்கமும் வளர்ந்தது. 1863 ஜூலையில் நியூயார்க் நகரில் அது பெருங்கலகமாக வெடித்தது. அதில் ஒரு குற்றமும் செய்யாத கறுப்பின மக்கள் தாக்கிக் கொல்லப்பட்டனர்.

பொருளாதாரம்

நாணயம் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாமையும் நாணயம். யுத்த காலத்தில் இவ்விரண்டும் சேர்ந்தே தேய்கின்றன.

இரு அரசுகளும் காகித நோட்டுகளை அச்சிட்டன. வடக்கே 1861-இல் வருமான வரிச் சட்டமும், 1863-இல் தேசீய பாங்கிச் சட்டமும் பிறந்தன. ஆலைகளும் விளைநிலங்களும் ஓயாமல் உழைத்தன. ஆகவே நோட்டின் மதிப்பு இறங்கினாலும் அழிந்துவிடவில்லை. தெற்கேயோ போதிய வரியின்றி நோட்டு மட்டும் பெருகியது. துறைமுகங்களை எதிரியின் கப்பல்கள் மறித்து நின்றன. விலைவாசி விஷம்போல் ஏறிற்று. 1863 ஏப்ரலில் தலைநகராகிய ரிச்மண்டில் பெண்கள் உணவு கேட்டுத் திரண்டு கடைகளை உடைத்தார்கள். அவ்வாண்டே விவசாயிகளின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரியாகக் கேட்கப்பட்டது. போர் முடிந்தபோது தெற்கின் நோட்டு வெறுங்காகிதமாயிற்று.

கடல் கடந்த விளைவு இன்னும் பெரிது. இங்கிலாந்தின் ஆலைகளுக்கு முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்கப் பருத்தியே வந்துகொண்டிருந்தது. அது நின்றதும் லங்காஷயர் ஆலைகள் அடைபட்டன. 1862-ஆம் ஆண்டு இறுதியில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் உதவிப் பணத்தால் உயிர் வாழ்ந்தனர். அந்த நிலையிலும் டிசம்பர் 31-இல் மாஞ்செஸ்டர் தொழிலாளர்கள் கூடி, அடிமை விடுதலையை ஆதரித்து லிங்கனுக்குக் கடிதம் விடுத்தது மறக்கத்தக்கதன்று. 1844-இல் 28 பேர் தொடங்கிய ராச்டேல் சங்கமும் அப்பஞ்சத்தைத் தாங்கி நின்றது. 1863-இலேயே வட இங்கிலாந்துச் சங்கங்கள் கூடி மொத்தக் கொள்முதல் சங்கம் ஒன்றை நிறுவின.

நம் நாட்டில் பருத்தி விலை பன்மடங்கு ஏறியது. பம்பாயில் பணம் வெள்ளமாய்ப் புரண்டது. விளைவித்தவனுக்கு நல்ல காலம். தறிக்காரனுக்கோ நூல் எட்டாத விலையாயிற்று. நூல் விலை ஏறிய அளவுக்குச் சேலை விலையை யார் ஏற்றித் தருவார்? 1865-இல் சமாதானம் வந்ததும் பருத்தி விலை சரிந்தது. பங்குச் சூதாட்டத்தில் இறங்கியிருந்த பம்பாயின் பெருவணிகர்கள் வீழ்ந்தனர். பம்பாய் பாங்கியும் நிலைகுலைந்தது. ஏற்ற விலையை நம்பி விவசாயி வாங்கிய கடன் மட்டும் இறங்கவில்லை.

சமுதாயம்

1865 டிசம்பரில் அரசியல் சட்டத் திருத்தத்தால் அடிமை முறை ஒழிந்தது. யுத்தத்தால் விளைந்த பெருநன்மை இதுவே. ஆயினும் விடுதலை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நிலம் கிடைக்கவில்லை. பழைய முதலாளியின் நிலத்திலேயே வாரத்துக்குப் பயிரிட்டனர். விதையும் உணவும் கடைக்காரனிடம் கடன். அறுவடை முழுவதும் அவனுக்கு ஈடு. முன்பணத்தால் கட்டுண்ட தறிகளை அறிந்த நம் அங்கத்தினர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

அம்மக்களின் சிறுசேமிப்புக்கென்று 1865-இல் ஒரு பாங்கி ஏற்பட்டது. அரசாங்கமே அதற்குப் பொறுப்பு என்று பலர் நம்பினர். அது உண்மையன்று. நிர்வாகிகள் போதிய ஈடின்றிப் பெருந்தனக்காரர்களுக்குக் கடன் வழங்கினர். 1873-இல் பண நெருக்கடி வந்தது. 1874-இல் பாங்கி மூடப்பட்டது. 60 ஆயிரம் பேருக்கு மேற்பட்டோரின் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் சிக்கிக்கொண்டது. ஒரு பகுதியே பின்னர் திரும்பியது. பலருக்குச் சல்லிக்காசும் கிடைக்கவில்லை.

கணக்குப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு, போர்க்களக் கதைகளைவிட இந்தப் பாங்கியின் கதையே நெஞ்சை உறுத்துகிறது. பீரங்கி ஓய்ந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், குண்டு ஒன்றும் வெடிக்காமலே அவ்வளவு குடும்பங்கள் நொடித்தன.

உலகச் சண்டைகளை நிறுத்தும் ஆற்றல் நம் சங்கங்களுக்கு இல்லை. ஆனால் விலை ஏறிய ஆண்டில் லாபம் முழுவதையும் பங்கிட்டுக்கொள்ளாமல் காப்பு நிதியைப் பெருக்குவது நம் கையில் இருக்கிறது. கடன் யாருக்கு, எந்த ஈட்டின்மேல் வழங்கப்பட்டது என்று மகாசபையில் எழுந்து கேட்பதும் நம் கையில் இருக்கிறது. அடுத்த மகாசபைக்கு அங்கத்தினர்கள் தவறாது வருக. வரவு செலவு அறிக்கையை வாசிக்கச் சொல்லிக் கேட்க.