கயிறு பிடிக்கும் கை

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த காலத்தைப் பற்றிச் சுவையான வழக்கு ஒன்று உண்டு. நீரில் மூழ்குகிறவனுடைய கயிற்றைத் தோணியிலிருந்து பிடித்துக் கொள்பவன் அவனுடைய மைத்துனனாகவே இருக்க வேண்டுமாம். உடன்பிறந்தான் என்றால் பாகப் பிரிவினை ஞாபகம் வரலாம்; மைத்துனனுக்கோ, கயிறு நழுவினால் தன் சகோதரியின் தாலி அல்லவா போய்விடும்!

வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் வேடிக்கையல்ல. பத்துப் பாக ஆழத்தில் தேகத்தின் மீதுள்ள அழுத்தம் கரையில் இருப்பதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. கல்லின் பாரத்தால் கீழே போனவன், மூச்சை அடக்கிச் சிப்பிகளை வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பான். அந்த அசைவை உணர மேலே ஒரு கை விழித்திருக்க வேண்டும்.

மனிதரிடையே உள்ள நம்பிக்கையும் பாசமும் தேக ஆரோக்கியத்துக்கு என்ன செய்கின்றன என்பதை இக்காலத்து அறிஞர்கள் அளந்தே பார்க்கிறார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையார் 1938-இல் தொடங்கிய ஆராய்ச்சி தலைமுறை தாண்டியும் நடந்து வருகிறது. ஐம்பது வயதில் உற்றாருடன் மன நிறைவோடு வாழ்ந்தவர்களே எண்பது வயதிலும் திடமாக இருந்தார்களென்று அதில் கண்டார்கள். ரத்தத்திலுள்ள கொழுப்பின் அளவுகூட அவ்வளவு நன்றாக முன்னறிவிக்கவில்லையாம்!

நமது தேசத்திலும் 2017-18-இல், 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைகளுமாக 72,000-க்கு அதிகமானவர்களை வீடு தேடிச் சென்று விசாரித்தார்கள். மும்பையிலுள்ள ஜனத்தொகை ஆராய்ச்சி ஸ்தாபனம் முன்னின்று நடத்திய காரியம் இது. கைப்பிடியின் வலுவைக் கருவியால் அளந்தார்கள். மூச்சை ஊதச் சொன்னார்கள். யாருடன் வசிக்கிறீர்கள், மனம் எப்படி இருக்கிறது என்றும் கேட்டார்கள். அறுபது வயது கடந்தவர்களில் ஏழரைக் கோடிப் பேருக்கு ஏதாவதொரு நாட்பட்ட நோய் இருக்கிறதென்று 2021-இல் அறிவித்தார்கள். நூற்றுக்கு இருபது பேருக்கு மனநலக் குறைவு. இந்த இரண்டாவது எண்தான் நம்மை அதிகம் கலங்க வைத்தது.

ஆனால் இந்தக் கணக்கு மாநிலவாரியாக வருகிறதேயன்றி, ஒரு கடற்கரைக்கெனத் தனியாக வருவதில்லை. தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு முத்துக் குளிப்பு நடக்கவில்லை. அன்று இருபது வயது வாலிபனாக மூழ்கியவன் இன்றிருந்தால் எண்பதைத் தாண்டிய கிழவன். அவன் மனைவியோ, பெரும்பாலும் அவனுக்குப் பின்னும் வாழ்கிறவள். எந்தத் தாலியை நம்பி அந்தக் கயிறு மைத்துனன் கையில் கொடுக்கப்பட்டதோ, அந்தத் தாலியை அணிந்திருந்தவளின் முதுமையைப் பற்றி வழக்கு ஒன்றும் கிடையாது. மகன் கப்பலிலோ அயல் நாட்டிலோ இருக்கலாம். பணமும் தவறாமல் வரலாம். மகன் வீட்டிலேயே அவள் இருந்தால், குடும்பத்தோடு வசிப்பவள் என்று ஏட்டில் பதிந்து விடுவார்கள். ஒரே கூரையின் கீழ் இருப்பதும் கயிற்றைப் பிடித்திருப்பதும் ஒன்றாகுமா?

விசாரித்தவர்களிடமே சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் சென்று விசாரிப்பது இந்த ஆராய்ச்சியின் ஏற்பாடு. அப்படி வரும்போது இந்தக் கரையோரத் தெருக்களுக்கென்று தனியாக ஓர் ஏடு போடட்டும். நடுநிசியில் நெஞ்சை அடைத்தால் யாரைக் கூப்பிடுவாய் பாட்டி என்று கேட்டு, அவள் சொல்லும் பெயரை முதல் வரியிலேயே எழுதிக் கொள்ளட்டும்.