பலாலியும் மீனம்பாக்கமும்

யாழ்ப்பாணத்துப் பலாலி விமானநிலையமும் சென்னை மீனம்பாக்கமும் ஏறத்தாழ 80 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டிலேயே அமைந்துள்ளன. ஆதலின், அவற்றின் அகலக்கோட்டு வேறுபாடாகிய 3.2 பாகையைப் பாகையொன்றுக்கு 69 மைல் வீதம் பெருக்கினால், இடைத்தூரம் ஏறத்தாழ 220 மைல் எனப் பெறப்படும்.

மணிக்கு 300 மைல் வேகமுடைய விமானம் இத்தூரத்தை 44 நிமிடத்திற் கடத்தல் கூடும். எனினும், ஓடுபாதையை அடைதல், மேலெழுதல், இறங்குமுன் வேகந் தணித்தல் ஆகியன சேர, பயணம் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகின்றது. இரு நாடுகளிலும் நேரம் ஒன்றாதலால் கடிகாரத்தை மாற்றவேண்டுவதில்லை.

1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையினின்றும் யாழ்ப்பாணம் வழியாகவே சென்னை சென்றது. பின்னர்ப் போரினால் இவ்வழி நெடுங்காலம் அடைபட்டது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தவர் சென்னை செல்வதாயின், தரைப்பாதை திறந்திருந்த வேளையிலும், முதலில் 200 மைலுக்கு மேல் தெற்கே கட்டுநாயக்காவுக்குச் சென்று, அங்கிருந்து 400 மைல் வடக்கே பறக்கவேண்டியிருந்தது. வடக்கேயுள்ள ஊருக்குத் தெற்கே புறப்படும் இவ்வழி, நேர்வழியினும் ஏறக்குறைய மும்மடங்காகும். ஒரு மணித்தியாலப் பயணம் ஒரு நாட் பயணமாயிற்று.

2019 நவம்பரில் நேரடிச் சேவை மீண்டது. பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசெம்பரில் மறுபடியும் தொடங்கிற்று. தேசப்படத்தில் அத்தூரம் என்றும் 220 மைலே. பயணிக்கோ அது திறந்திருக்கும் வழியைப் பொறுத்தது.