மருத்துவமனையின் கரிமச் சுவடு: பாதுகாப்பைக் குறைக்காமல் மாசைக் குறைக்க முடியுமா?

மருத்துவமனையில் உறவினர் ஒருவருக்குத் துணையாக ஒருநாள் உட்கார்ந்திருந்தால் போதும். கையுறை, ஊசிக்குழாய், முகக்கவசம், பிளாஸ்டிக் உறை என்று குப்பைத்தொட்டி எத்தனை முறை நிறைகிறது என்பதை நாமே எண்ணிவிடலாம். ‘எல்லாம் நோயாளியின் பாதுகாப்புக்குத்தானே’ என்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால், உலக அளவில் சுகாதாரத் துறையின் பங்கு சிறியதன்று. மனிதர்களால் வெளியாகும் வெப்ப வாயுக்களில் ஏறத்தாழ 4.4 விழுக்காடு இத்துறையிலிருந்து வருவதாக 2019ல் வெளியான ஓர் அனைத்துலக அறிக்கை கணக்கிட்டது. சுகாதாரத் துறை ஒரு நாடாக இருந்தால், அதிகம் மாசுபடுத்தும் நாடுகளில் ஐந்தாவதாக இருக்கும்.

வெப்பம் கூடினால் முதலில் பாதிக்கப்படுவோர் முதியவர்களும் இதய, சிறுநீரக நோயாளிகளும்தான். அவர்களைக் குணப்படுத்தும் இடமே வெப்பத்தைக் கூட்டுகிறது. அப்படியானால், சிகிச்சையின் தரத்தையும் பாதுகாப்பையும் குறைக்காமல் மாசைக் குறைக்க வழி உண்டா?

மின்கட்டணம் மட்டும் கணக்கன்று

கரிமச் சுவடு என்றதும் விளக்கும் குளிர்சாதனமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அதே அறிக்கையின்படி சுகாதாரத் துறையின் வெளியேற்றத்தில் 71 விழுக்காடு விநியோகச் சங்கிலியிலிருந்து வருகிறது. மருந்து, கருவி, உணவு, துணி ஆகியவற்றைத் தயாரித்து, ஏற்றி வந்து, பயன்படுத்தியபின் அழிப்பது வரை அதில் அடங்கும். வாங்கும் மின்சாரத்தின் பங்கு 12 விழுக்காடுதான். எஞ்சிய 17 விழுக்காடு மருத்துவமனைகளிலிருந்தும் அவற்றின் வாகனங்களிலிருந்தும் நேரடியாக வெளியாகிறது.

ஆகவே, சூரியத் தகடு பொருத்துவது நல்ல தொடக்கம். ஆனால் அதோடு வேலை முடிந்துவிடாது.

மூச்சில் வெளியேறும் மயக்க மருந்து

அறுவை சிகிச்சையின்போது சுவாசிக்கக் கொடுக்கப்படும் மயக்க மருந்தில் 95 விழுக்காட்டுக்கும் மேல் உடலில் மாற்றமடைவதில்லை. நோயாளி அதை அப்படியே வெளிமூச்சில் விடுகிறார். குழாய் வழியாக அது கட்டடத்துக்கு வெளியே சென்று காற்றில் கலக்கிறது.

இவற்றில் டெஸ்ஃப்ளூரேன் என்ற மருந்துதான் மிக மோசமானது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ டெஸ்ஃப்ளூரேன் ஏறத்தாழ 2,500 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தை உண்டாக்கும். அதே வேலையைச் செய்யும் செவோஃப்ளூரேனின் அளவு 200 கிலோவுக்கும் குறைவு. நரம்பு வழியே செலுத்தும் மயக்க மருந்தையும் பல அறுவை சிகிச்சைகளில் பயன்படுத்தலாம்.

மாற்று மருந்து இருப்பதால் முடிவெடுப்பது எளிதானது. ஸ்காட்லாந்து 2023ல் டெஸ்ஃப்ளூரேன் பயன்பாட்டை நிறுத்தியது. இங்கிலாந்து அடுத்த ஆண்டு பின்தொடர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 முதல், மருத்துவ ரீதியாக வேறு வழியில்லாத நேரத்தில் மட்டுமே அதை அனுமதிக்கிறது.

பிரசவ வலியைக் குறைக்கப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு மற்றொன்று. நூறாண்டுக்கும் மேல் காற்றில் தங்கும் வாயு இது. பிரிட்டனில் சில மருத்துவமனைகள் சோதித்தபோது, வாங்கிய வாயுவில் பெரும்பகுதி நோயாளியை அடையாமலே பழைய குழாய்களில் கசிந்துகொண்டிருந்தது தெரியவந்தது. குழாய்களை மூடிவிட்டுச் சிறிய உருளைகளுக்கு மாறினால் போதும். எந்த நோயாளிக்கும் எதுவும் குறையாது.

ஈசூனில் காற்றுக்கு ஒரு வழி

சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்துத் தயாராகிறது. எனவே, வெப்பமண்டல மருத்துவமனைக்குக் குளிரூட்டல் பெரிய செலவு, பெரிய மாசும்கூட.

2010ல் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனை இதற்குக் கட்டட வடிவமைப்பிலேயே தீர்வு தேடியது. ஈசூன் குளத்தை ஒட்டி, காற்று வரும் திசையைப் பார்த்துக் கட்டடங்கள் அமைக்கப்பட்டன. வெளிச்சுவரில் உள்ள தகடுகள் காற்றை வார்டுக்குள் திருப்பிவிடுகின்றன. உதவித்தொகை பெறும் நோயாளிகளின் வார்டுகள் மின்விசிறியுடன் இயற்கைக் காற்றோட்டத்தில் இயங்குகின்றன. கூரையில் தொண்டூழியர்கள் பராமரிக்கும் காய்கறித் தோட்டமும் இருக்கிறது.

‘குளிர்சாதனம் இல்லாத வார்டு என்றால் மட்டமான வார்டு’ என்ற எண்ணம் நம் குடும்பங்களில் இன்னும் உண்டு. காற்றோட்டமும் பசுமையும் சரியாக அமைந்தால் அப்படி இருக்க வேண்டியதில்லை.

அறுவை சிகிச்சைக் கூடத்தை மின்விசிறியில் நடத்த முடியாதுதான். தொற்றைத் தடுக்க, அங்குள்ள காற்றை மணிக்கு ஏறத்தாழ 20 முறை மாற்ற வேண்டும். ஆனால், கூடம் காலியாக இருக்கும் இரவிலும் வார இறுதியிலும் அதே வேகம் தேவையில்லை. அந்த நேரங்களில் வேகத்தைக் குறைத்து வைப்பது செலவில்லாத சேமிப்பு.

மதுரையிலிருந்து ஒரு பாடம்

ஒருமுறை பயன்படுத்தி எறிவதுதான் பாதுகாப்பு என்ற நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கிய சான்று தமிழ்நாட்டில் உள்ளது. 1976ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இன்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோருக்குக் கண் அறுவை சிகிச்சை செய்கிறது.

அங்கு நடக்கும் கண்புரை அறுவை சிகிச்சையை ஆராய்ந்து 2017ல் வெளியான ஆய்வு, ஒரு சிகிச்சைக்கு ஏறத்தாழ 250 கிராம் கழிவும் 6 கிலோ கரியமில வாயுவுக்கு இணையான வெளியேற்றமுமே உண்டாவதாகக் கண்டது. பிரிட்டனில் அதே சிகிச்சையின் வெளியேற்றத்தில் இது ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே. சிகிச்சையின் பலன்களோ ஒப்பிடத்தக்கவை.

கருவிகளை முறையாகக் கிருமிநீக்கம் செய்து மீண்டும் பயன்படுத்துவதும், நேரத்தை வீணாக்காத ஒழுங்கும்தான் இதற்குக் காரணம். மலிவாகச் சிகிச்சை தர வேண்டும் என்று தொடங்கிய பழக்கம் சுற்றுச்சூழலுக்கும் நல்லதாக அமைந்துவிட்டது.

சில நேரங்களில் குறைப்பதே பாதுகாப்பு. லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்திரீட் சிறுவர் மருத்துவமனை 2018ல், தேவையில்லாத இடத்தில் கையுறையைத் தவிர்த்துக் கைகளைக் கழுவும்படி ஊழியர்களைக் கேட்டுக்கொண்டது. ஓராண்டில் ஏறத்தாழ 21 டன் பிளாஸ்டிக் மிச்சமானது. ஒரே கையுறையுடன் பல இடங்களைத் தொடுவதால் கிருமி பரவும் ஆபத்தும் குறைந்தது.

நமக்கும் இது முக்கியம். சிங்கப்பூரின் ஒரே குப்பை நிரப்புநிலமான செமாக்காவ் 2035க்குள் நிறைந்துவிடும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

நம் வீட்டு மருந்துப் பெட்டி

மருத்துவமனை மட்டும் செய்யக்கூடிய வேலையன்று இது. நீரிழிவு, ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்போர் இல்லாத இந்தியக் குடும்பம் அரிது. பல வீடுகளில் மாத்திரைகள் மிஞ்சி, காலாவதியாகிக் குப்பைக்குப் போகின்றன. அவற்றைத் தயாரிக்கும்போது வெளியான மாசுதான் அந்த 71 விழுக்காட்டில் ஒரு பகுதி. அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குச் செல்லும்போது, வீட்டில் எவ்வளவு மீதம் இருக்கிறது என்று சொல்லித் தேவையான அளவு மட்டும் வாங்கலாம்.

ஆஸ்துமாவுக்குப் பயன்படுத்தும் அழுத்தித் தெளிக்கும் இன்ஹேலரில், மருந்தை வெளியே தள்ளுவதற்கு வெப்ப வாயு ஒன்று உள்ளது. பொடியாக உறிஞ்சும் வகையில் அது இல்லை. ஆனால், சிறு குழந்தைகளாலும் மூச்சு பலவீனமான முதியவர்களாலும் பொடியை வேகமாக உறிஞ்ச முடியாமல் போகலாம். எனவே, மருத்துவரைக் கேட்காமல் இன்ஹேலரை மாற்றவோ நிறுத்தவோ கூடாது.

நீல நிற இன்ஹேலர் அடிக்கடி தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள். தினசரி தடுப்பு மருந்தைச் சரியாக எடுத்தால் மூச்சுத் திணறலும் குறையும். வெளியேறும் வாயுவும் குறையும்.

சிங்கப்பூர் 2050க்குள் நிகர பூஜ்ஜிய வெளியேற்றத்தை எட்ட உறுதி பூண்டுள்ளது. பொதுத்துறைக்கான இலக்கு அதற்கும் முன்னதாக, 2045 வாக்கில். மருத்துவமனைகள் அந்த இலக்கை எட்ட மருத்துவரும் தாதியும் நிர்வாகமும் பழக்கங்களை மாற்ற வேண்டியிருக்கும். நோய் வராமல் பார்த்துக்கொள்வது நம் பங்கு. மருத்துவமனைக்குச் செல்லும் தேவையே வராவிட்டால், அதற்கான கரிமச் சுவடும் இல்லை.